கீதாக்கா வீட்டு நான்கு ஓட்டுகள்

– முந்நூத்தி அறுபத்தொண்ணா? ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது ஓட்டு இருக்கற ஊருல, பொழுதோட ஏழு மணி தாண்டியும் முந்நூத்தி அறுபத்தொண்ணுதானா? ஏனுங்க நங்கை, உங்க அமெரிக்காவுல இன்னைக்கு எலெக்சன்னு ஊருக்காரங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா, இல்லீங்களா?

– சொல்லாம என்ன ப்ரியா, ரோட்டோரம் பூரா போர்டு நட்டு வெச்சிருக்குது. பிரசிடெண்ட் எலெக்சன்னா இதே சனம் ரெண்டு மணி நேரம் வரிசையில நிக்கும். ஸ்கூல் போர்டு எலெக்சனுக்கு நூத்துக்கு இருபது பேர் வந்தாலே இங்க பெருங்கூட்டம்.

– நூத்துக்கு இருபதா! நான் சோமனூருல கவுன்சிலருக்கு நின்னப்ப என்ற வார்டுல எண்பத்தி மூணு பர்சண்ட் உளுந்துச்சுங்க. மிச்சம் பதினேழுல பாதிப் பேரு செத்துப் போனவங்க, மீதிப் பேரு திருப்பூர்ல இருக்கறவங்க.

– சிரிக்க வெக்காத ப்ரியா. எட்டு மணிக்குக் கதவைச் சாத்திருவாங்க. இன்னும் அம்பத்தி ரெண்டு நிமிசந்தான் இருக்குது.

– அம்பத்தி ரெண்டு நிமிசத்துல ஒரு கண்ணாலத்தையே முடிச்சுப்போடலாமுங்க. எங்க நிக்கறீங்க இப்ப?

– பூத்து வாசல்ல. பூத்துன்னா தீயணைப்பு வண்டி நிறுத்தற மண்டபம். பத்தடி தள்ளித்தான் நிக்கோணும். மழை வேற தூறுது.

– பத்தடி தானுங்களா? இங்க நூறு மீட்டர் தள்ளி நிறுத்திப்போட்டாங்க. பத்தடின்னா வாரவங்க மூஞ்சியே தெரியுமே, அது ஒரு பாக்கியமுங்க. சரி, இங்க வெடியால அஞ்சே முக்கா ஆகப்போகுது. என்ற ஊட்டுக்காரரு, அதான் உங்க தம்பி, தறிக்குடோனுக்குப் போயாச்சு. எனக்கு ஒரு சோலியுமில்லை, நான் போனை வெக்கறதாவும் இல்லை. கணக்கைச் சொல்லுங்க. உங்களுக்குப் போடறேன்னு சொன்னவங்க எத்தனை பேருங்க?

– இருநூத்திப் பதினாலு பேரு. என்ற சிநேகிதி ஹாரிகா உள்ள வாட்ச்சரா, நம்மூரு பூத் ஏஜெண்டாட்ட உக்காந்துட்டு, வரவர லிஸ்டுல பேர் அடிச்சுட்டே இருக்கறா. அதுல நூத்தி எழுபத்தி ஏழு பேர் வந்துட்டுப் போயாச்சு.

– அப்ப முப்பத்தி ஏழு பேர் வரலை. மத்தவங்க போட்டது நூத்தி எண்பத்தி நாலு. ஏழு ஓட்டுப் பின்னால நிக்கறீங்க நங்கை.

– கால்குலேட்டர் வெச்சிருக்கறயா?

– கவுன்சிலருங்க நானு. ஒம்பது ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சவளுக்குக் கணக்கு மனப்பாடமா வரும். அந்த முப்பத்தி ஏழு பேருக்கும் என்ன பண்ணுனீங்க?

– காலையில ஒரு மெசேஜ், மத்தியானம் ஒரு மெசேஜ். அஞ்சு மணிக்கு இன்னொண்ணு, படம் போட்டு.

– மெசேஜா! மெசேஜ் போட்டாக் கண்ணாலத்துக்கே ஒறம்பரை சனம் வராது, ஓட்டுப் போடவா வருவாங்க? ஏனுங்க நங்கை, எம்.பி.ஏ. எல்லாம் படிச்சுப்போட்டு…

– வையாத ப்ரியா, அப்பறமா வைவியாமா. இதுல தோத்தா அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க. போர்டுல நாலுக்கு நாலு நிக்குது. இந்த ஒரு சீட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் முடிவு. என்னைய எதுத்து நிக்கற கேரல் அம்மா ஜெயிச்சா ஜூன் மாசத்தோட பூட்டு. நூத்திப்பத்துக் குழந்தைங்க, எங்க சின்னவளையும் சேத்தி, முக்கா மணி நேரம் பஸ்ஸுல போகோணும். அதுக்காகத்தான் நின்னேன். இல்லாட்டி எனக்கென்ன வேண்டுதலா?

– தெரியுமுங்க. இங்கயும் அதே கதைதான். பதினெட்டுப் புள்ளைங்கதான் இருக்குதுன்னு நம்ம பள்ளிக்கூடத்தை மூட வந்தாங்க. நானே ஊடு ஊடாப் போயி மூணு புள்ளைங்களைச் சேத்தி உட்டேன். சரி, அளுகாதீங்க. கேளுங்க. அந்த முப்பத்தி ஏழு பேர்ல எத்தனை பேரு நடந்து வார தூரத்துல இருக்கறாங்க?

– இங்க ஒருத்தரும் நடந்து வர மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்கே காருல போற ஊரு.

– அப்ப வண்டி வேணும். நான் தறி ஓட்டறவங்களைக் கூட்டிட்டு வர ரெண்டு குட்டியானை வண்டி தாட்டி உட்டேன். உங்ககிட்ட எத்தனை வண்டி இருக்குது?

– என்ற காரு, ஹாரிகா வீட்டுக்காரரு சசிதர் காரு. எங்க வீட்டுக்காரரு என்கூடத்தான் இருக்கறாரு.

– அண்ணன் கூட இருக்கட்டும், அவர் வேலை அப்பறமா வரும். சசிதர் அண்ணனைக் கெழக்கே அனுப்புங்க. நீங்க போனைப் போடுங்க. போன்ல ‘ஓட்டுப் போட வாங்க’ன்னு மட்டும் சொல்லிராதீங்க.

– பின்ன என்ன சொல்றது?

– ‘எத்தனை மணிக்கு வண்டி அனுப்பட்டும், ஏழே காலுக்கா, ஏழரைக்கா’ன்னு கேளுங்க. ‘வாங்க’ன்னா ‘பாக்கறேன்’னு சொல்லுவாங்க. நேரத்தைக் கேட்டா நேரத்தைத்தான் சொல்லுவாங்க. சொன்ன பொறகு வராம இருக்க ஒரு கூச்சம் வரும் பாருங்க, அதுதானுங்க நம்ம கட்சி.

– இது யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?

– யாரும் சொல்லலீங்க. துணிக்கடைக்காரன் என்கிட்டப் பண்ணுனது. ‘சேலை வேணுமா’ன்னா கேக்கறான்? ‘செவப்பா, பச்சையா’ன்னுதான கேக்கறான்? போனை வெச்சுட்டு ஆரம்பிங்க. பதினஞ்சு நிமிசம் கழிச்சுக் கூப்பிடறேன்.

*

– நங்கை! எத்தனை?

– பதினாறு ப்ரியா, பதினாறு! இன்னும் எட்டுப் பேரு வண்டியில வந்துட்டு இருக்கறாங்க. நீ சொன்னது அப்படியே நடக்குது. ஒரு பெரியவரு, டிவியில ஆட்டம் பாத்துட்டு இருக்கறேன், மழை வேறன்னாரு. ‘ஏழு இருபதுக்கா, ஏழு இருபத்தஞ்சுக்கா’ன்னு கேட்டேன். ‘இருபத்தஞ்சு’ன்னு சொல்லிட்டு டிவியை அணைச்சுப்போட்டாரு!

– பாத்தீங்களா! எந்த ஊரா இருந்தா என்னங்க, மனுசனுக்குக் கூச்சம் ஒண்ணுதான். மிச்சம் பதிமூணு?

– ஆறு பேரு ஊருல இல்லை. ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி. ஆறு பேரு போனே எடுக்கலை.

– போச்சாது, உடுங்க. எட்டும் வந்து சேந்தா உங்க கணக்கு இருநூத்தி ஒண்ணு. அந்தப் பக்கம்?

– அவங்க ஆளுங்களும் வந்துட்டுத்தான் இருக்கறாங்க. ஹாரிகா பாத்த வரைக்கும் இந்நேரம் இருநூறைத் தொட்டிருக்கும்ங்கறா.

– இருநூத்தி ஒண்ணுக்கு இருநூறு. ஒரு ஓட்டு! எனக்கே வேர்க்குதுங்க. ஒரு ஓட்டை நம்பித் தூங்க முடியாது நங்கை. இன்னும் வேணும். சொந்தத்துல யாரும் பாக்கி இல்லையே? உங்க மூத்தனார் ஊடு அந்த ஊருலதான இருக்குது? கீதாக்கா ஊட்டுல நாலு ஓட்டு இருக்குமே. வந்தாங்களா?

– கீதாக்காவா?

– ஆமாங்க. லிஸ்டுல பாருங்க.

– லிஸ்டுல இல்லை. நம்ம ஓட்டுத்தான, எதுக்கு லிஸ்டுன்னு எழுதலை. இரு, ஹாரிகாகிட்டக் கேக்கறேன்… வரலையாமா ப்ரியா. நாலு பேருமே வரலை.

– நீங்க போய் ஓட்டுக் கேட்டீங்களா?

– வீட்டுக்கா? இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். கீதாக்கா வீட்டுக்காரரு, பெரிய மாமா கூட ஒரு கும்பிடு போட்டிருந்தாரு.

– நங்கை… நீங்க புது ஊடு குடி போனதுக்கு எப்படிச் சொன்னீங்க அவங்களுக்கு?

– அதுவும் வாட்ஸ்அப்புலதான். எல்லாத்துக்கும் ஒரே கார்டு.

– வந்தாங்களா?

– சாயங்காலமா வந்து, நின்னுட்டே டீ குடிச்சுட்டுப் போனாங்க.

– அய்யோ, அய்யோ! கூடப்பொறந்த பங்காளியை, மூத்தவங்களை, புருசனும் பொண்டாட்டியுமா வாசல்ல போய் நின்னு கூப்பிடாம, கார்டைத் தட்டி உட்டுப்போட்டு ‘நம்ம ஓட்டு’ன்னு உக்காந்துட்டு இருக்கறீங்களே! அவங்க கடல் தாண்டிப் போய்ட்டா மானம் மரியாதை மாறிப்போயிருமா? என்னைய எதுத்து நின்ன சாந்தாமணி அக்கா ஊட்டுக்கே நான் போய் ஓட்டுக் கேட்டேன் தெரியுமுங்களா?

– எதுத்து நின்னவங்ககிட்டயா? எதுக்கு?

– கேக்காம உட்டா மரியாதைக் கொறச்சலுங்களே! அவங்களும் என்ற ஊட்டுக்கு வந்து கேட்டாங்க. ரெண்டு பேரும் காப்பி குடிச்சோம். அதை உடுங்க. கீதாக்கா ஊடு எவ்வளவு தூரம்?

– ஏழு நிமிசம்.

– இப்ப மணி ஏழு இருபத்தெட்டு. போக ஏழு, வர ஏழு. பத்து நிமிசம் பேசலாம். எட்டுக்குள்ள வரிசையில நின்னாப் போதுமுங்களா?

– போதும். வரிசையில நின்னுட்டா எட்டு மணிக்கு மேலயும் போட உடுவாங்க.

– கெளம்புங்க! அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க. தனியாப் போனா அழைப்பு ஆகாது. போனைக் காதுல மாட்டிக்குங்க, நான் கூடவே வாரேன்.

– ப்ரியா, நான் என்னன்னு கேக்கறது? எனக்கு வாயே வராது.

– ஓட்டைப் பத்தி வாயே தொறக்காதீங்க. இந்நேரத்துக்கு ‘எனக்குப் போடுங்க’ன்னா, காரியத்துக்கு வந்துட்டாள்னு ஆயிரும். கூப்பிடுங்க, அவ்வளவுதான். வண்டியில ஏறிட்டா ஓட்டு எங்க போகப்போகுது? இன்னொண்ணு. ‘வேண்டாம், வரலை’ம்பாங்க. மொத ரெண்டு ‘வேண்டாம்’ கணக்குல சேராது. மூணாந்தடவ கூப்பிட்டாத்தான் அது அழைப்பு.

– அது எனக்குத் தெரியும் ப்ரியா. நானும் அந்த ஊருலதான் பொறந்தேன்.

– பொறந்தீங்க. அப்பறம் கார்டு அனுப்பிச்சீங்க.

*

– வா நந்தி, வா நிதீசு. என்ன கண்ணு, மழையில ரெண்டு பேருமா? உள்ள வாங்க, டீ வெக்கறேன்.

– டீ வேண்டாங்க கீதாக்கா. உங்களைக் கூப்பிடத்தான் வந்தோம். நாலு பேரும் ஒரு எட்டு வந்து ஓட்டுப் போட்டுட்டு வந்தரலாமுங்க. நானே கூட்டிட்டுப் போய்க் கொண்டாந்து உட்டர்றேன்.

– அய்யோ, வேண்டாம் கண்ணு. எங்களை உட்டுரு. நாங்க வரலை.

– நங்கை, நாந்தான், காதுக்குள்ள பேசறேன். திரும்பிப் பாக்காதீங்க. இது ஒண்ணு. கணக்குல இல்லை.

– கீதாக்கா, உங்களுக்கு என்மேல வருத்தம் இருக்குது. அது எனக்கு இப்பத்தான் புரியுது. புது வீட்டுக்கு நாங்க நேர்ல வந்து கூப்பிட்டிருக்கோணும். மெசேஜ்ல சொன்னது தப்பு. பெரிய மாமாகிட்டயும் சொல்லுங்க.

– அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு. மனசுல ஒண்ணுமில்லை கண்ணு, சத்தியமா. ஆனா இன்னைக்கு நாங்க ஊட்டுலயே இருக்கறதுதான் எல்லாத்துக்கும் நல்லது.

– ரெண்டு! பாத்தீங்களா, ‘ஒண்ணுமில்லை’ன்னா உள்ள ஒண்ணு இருக்குதுன்னு அர்த்தம். உடாதீங்க நங்கை. கையைப் புடிங்க.

– கையைக் குடுங்கக்கா. யாருக்குப் போடோணும்னு நான் கேக்கவே மாட்டேன். அது உங்க இஷ்டம். நான் நிக்கற எலெக்சனுக்கு என்ற வீட்டுப் பெரியவங்களே வரலைன்னா, நாளைக்கு நம்ம சனம் என்னன்னு பேசும்? வந்தாப் போதுமுங்க. எனக்கு அது போதும்.

– யாருக்குப் போட்டாலும் சரிங்கறயா?

– ஆமாங்க்கா.

– நெசமாத்தான் சொல்றயா நந்தி? அப்பறம் மனசு நொந்துக்க மாட்டயே?

– மாட்டேங்க. வாங்க, பதினேழு நிமிசம் இருக்குது.

– ஏனுங்க… உள்ளதான இருக்கறீங்க? கேட்டீங்களா? உங்க தம்பியும் தம்பி பொண்டாட்டியும் வாசல்ல நின்னு மூணாந்தடவ கூப்பிட்டாச்சு. இதுக்கு மேல வரமாட்டேன்னா நாம மனுசங்களே இல்லை. சட்டையைப் போடுங்க. சபரீசு! தங்கச்சியையும் கூப்பிடு. எல்லாத்துக்கும் ஸ்வெட்டர் எடு.

– மூணு! நங்கை, எனக்கு இங்க தறி ஓடற சத்தமே கேக்கலைங்க! நாலு ஓட்டு, முழுசா நாலு ஓட்டு! இருநூத்தி அஞ்சு! வண்டியைப் பையப் போகச் சொல்லுங்க, இல்லை இல்லை, வெரசாப் போகச் சொல்லுங்க!

*

– ப்ரியா, கதவைச் சாத்திட்டாங்க. கடைசியா உள்ள போனது நம்மாளுங்கதான். ஏழு அம்பத்தி மூணுக்குப் பெரிய மாமா, அவருக்குப் பின்னால கீதாக்கா, அவங்க பசங்க ரெண்டு பேரு. ஹாரிகா பேர் அடிச்சுட்டா. வண்டியில கெளம்புன எட்டுப் பேரும் வந்து போட்டாச்சு.

– அப்ப இருநூத்தி ஒண்ணும் நாலும் இருநூத்தி அஞ்சு. எண்ணிப் பாக்கவே வேண்டாமுங்க நங்கை. உங்க தம்பி குடோன்ல இருந்து ரெண்டு தடவ ஓடியாந்துட்டாரு. மூணாவது தறியில பாவு நூலு அத்துப்போச்சு, அதைக் கூடப் பாக்காம நிக்கறாரு. ஜெயிச்சா சென்னிமலைக்குப் படியேறி வாரேன்னு வேண்டியிருக்கறாராமா. வண்டியில ஏறாம படியில ஏறறேன்னு அவரு சொன்னதே ஒரு அதிசயமுங்க.

– எல்லா ஓட்டையும் கூட்டி, நீளமா ஒரு பேப்பர்ல அடிச்சுக் கதவுல ஒட்டுவாங்க. கேரல் அம்மாவும் பக்கத்துலதான் நிக்கறாங்க. இப்பத்தான் வந்து என்ற கையைப் புடிச்சு ‘நல்லாப் போட்டி போட்டே’ன்னாங்க.

– நல்ல அம்மாவாட்ட இருக்குதே.

– நல்லவங்கதான். பள்ளிக்கூடத்தைத்தான் மூடோணுங்கறாங்க.

– ஒட்டிட்டாங்களா?

– ஒட்டறாங்க. கூட்டம் மறைக்குது. இரு. ஹாரிகா, படிடீ… ம்… ப்ரியா.

– சொல்லுங்க. சொல்லுங்க நங்கை.

– எனக்கு இருநூத்தி ஒண்ணு.

– இருநூத்தி… ஒண்ணா? அஞ்சுங்க. சரியாப் பாருங்க.

– ஒண்ணுதான். அவங்களுக்கு இருநூத்தி நாலு. மூணு ஓட்டுல போச்சு ப்ரியா. மொத்தம் நானூத்தி அஞ்சு. ஊருல அஞ்சுல ஒரு பங்குதான் வந்துச்சு. அந்த ஒரு பங்குக்குள்ள மூணு ஓட்டு.

– இருங்க, இருங்க. அளுகாதீங்க. கணக்கு உதைக்குது. உங்க லிஸ்டுல வந்தவங்க இருநூத்தி ஒண்ணு. அத்தனையும் அப்படியே உளுந்திருக்குது, ஒண்ணு கூடத் தவறலை. அதுக்கு மேல நாலு வரோணும். அந்த நாலு எங்க?

– தெரியலை.

– லிஸ்டுல இருந்து யாரோ நாலு பேரு ஏமாத்திப்போட்டாங்க நங்கை. சிரிச்சுப் பேசிட்டு மாத்திப் போடறவங்க எல்லா ஊருலயும் இருக்கறாங்க. அந்த டிவி பாத்த பெரியவரு மேல எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்…

– சித்தெ இரு ப்ரியா. கீதாக்கா வர்றாங்க. வீட்டுக்குப் போகாம இங்கயே நின்னுட்டு இருந்திருக்கறாங்க, மழையில.

– போனை வெக்காதீங்க. நானும் நாலு வார்த்தை ஆறுதலா பேசறேன் அவங்ககிட்ட.

– நந்தி. எத்தனையில போச்சு கண்ணு?

– மூணு ஓட்டுங்க்கா. உடுங்க, பரவாயில்லை. மழையில நனைஞ்சு வந்தீங்களே, அதுவே போதும் எனக்கு.

– மூணா? மூணுதானா?

– ஏனுங்க்கா, எதுக்கு உக்காந்துட்டீங்க? தரையெல்லாம் ஈரமுங்க.

– ரெண்டு மாசத்துக்கு முன்னால, நீ நிக்கறயின்னு எங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாலயே, அந்தக் கேரல் அம்மா புருசனையும் கூட்டிட்டு ஊட்டுக்கு வந்துச்சு கண்ணு. டீ குடிச்சுட்டு, ‘உங்க ஊட்டு நாலு ஓட்டும் எனக்கு வேணும்’னு மாமாகிட்ட நேராக் கேட்டுச்சு. வாசல் தேடி வந்து கேட்டவங்களை வெறுங்கையோட அனுப்ப உங்க மாமாவுக்குத் தெரியாது. சரின்னு வாக்குக் குடுத்துப்போட்டாரு. அடுத்த வாரந்தான் குரூப்புல உன்ற பேரைப் பாத்தோம்.

– அக்கா…

– குடுத்த வாக்கையும் மீற முடியாது, பங்காளி ஊட்டுப் பொண்ணையும் தோக்கடிக்க முடியாதுன்னுதான் நந்தி, நாங்க நாலு பேரும் இன்னைக்குக் காலையில இருந்து கதவைச் சாத்திட்டு ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தோம்.